கிரைண்டருக்கு எத்தனை யூனிட்

எங்கள் வீட்டுக்கு இரண்டு மின் இணைப்புகள். கீழ் வீடு எங்களுடையது. மாடி, என் கணவருடைய தம்பி குடும்பத்துடையது. இரண்டு மீட்டர்களும் மாடிப்படிக்கு அடியில் ஒரே பலகையில் அடுத்தடுத்து இருக்கின்றன. நாகல் நகரில் எங்கள் தெருவில் அண்ணன் தம்பி சேர்ந்து கட்டிய வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க ஆள் வருவார். முதல் நூறு யூனிட்டுக்குப் பணம் இல்லை. அதற்குமேல் ஏற ஏற விலையும் ஏறும். ஐநூறைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்ல, அதற்கு முன்னால் ஓடியவற்றுக்கும் விலை கூடிவிடும். ஆகவே எங்கள் தெருப் பெண்களுக்கு ஐநூறு என்பது ஒரு வேலி. கணக்கெடுப்பவர் இரண்டு நாள் தாமதமாக வந்தால் வீட்டுக்கு வீடு வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள்.

நானும் என் ஓரகத்தியும் இதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மீட்டரையும் நான் படித்து டைரியில் குறித்துக்கொள்வேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே டைரி எழுதுகிறவள் நான். புது சிலிண்டர் மாற்றிய நாள், மகளுக்குக் காய்ச்சல் விட்ட நாள், மழை பெய்த நாள் எல்லாம் அதில் இருக்கும். எந்த மீட்டர் வேகமாக ஏறுகிறதோ, அதன் வேலையில் கொஞ்சத்தை மற்றதற்கு மாற்றிவிடுவோம். துணி துவைக்கும் மெஷின் மாடியில் இருந்தது. எங்கள் துணியும் அங்கேதான் போகும். கிரைண்டர் கீழே இருந்தது. இரண்டு வீட்டுக்கும் மாவு இங்கேதான். இஸ்திரிப் பெட்டி மட்டும் நிலையாக ஓரிடத்தில் இராது. வாரத்துக்கு ஒரு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

“அக்கா, மேல மீட்டரு கொழுத்துக்கிட்டே போகுது. இந்த வாரம் இஸ்திரியைக் கீழ வச்சுக்கிருவோமா?” என்று படியில் பாதி இறங்கி நின்று கேட்பாள்.

“கீழயும் ஒண்ணும் எளைக்கல. மோட்டார் போட்டே முப்பது ஏறியிருக்கு.”

“அப்ப இந்த வாரம் எல்லாரும் கசங்கிப் போயித்தான் வேலைக்குப் போகணும்.”

என் கணவர் உள்ளேயிருந்து, “ரெண்டு பேரும் சேந்து கரண்டுக்குப் பத்தியச் சாப்பாடு போடுறீங்க” என்பார்.

சித்திரை, வைகாசியில் மாடி கொதிக்கும். மேலே மூன்று மின்விசிறி ஓடுவதற்குப் பதில் எல்லோரும் கீழ்க்கூடத்தில் இரண்டு மின்விசிறிக்கு அடியில் படுத்துவிடலாம் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். நாங்கள் மூன்று பேர், அவர்கள் நான்கு பேர். அவளுடைய சின்னவன் என் மகளின் காலடியில் குறுக்காகக் கிடப்பான். காலையில் பாயைச் சுருட்டும்போது யாருடைய போர்வை யாருடையது என்று பார்த்துப் பிரிக்கவே செத்த நேரம் ஆகும்.

மாவாட்டுவது வாரத்துக்கு மூன்று தடவை. அவள் ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் இரண்டு குண்டாக்களில் எடுத்துக்கொண்டு இறங்கி வருவாள். அந்தக் கிரைண்டரே அவளுக்குக் கல்யாணச் சீரில் வந்ததுதான். அடுக்களைத் தரையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொள்வோம். ஒருத்தி கையால் மாவைத் தள்ளிவிட, ஒருத்தி தண்ணீர் தெளிப்பாள். அது பழைய கிரைண்டர், கடகடவென்று சத்தம் போடும். பேச வேண்டும் என்றால் கத்த வேண்டும். அவள் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வாள்.

“நம்ம மாமியாரு எனக்கு ஒண்ணரைப் பவுனு சொல்லிட்டு ஒரு பவுனுதான்க்கா போட்டாங்க!”

“எனக்கு அதுவும் இல்லடி!”

கூடத்தில் என் கணவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார். “எல்லாம் தெருவுக்கே கேக்குது” என்பார். கிரைண்டரை நிறுத்தியதும் எங்களுக்கும் பேச்சு நின்றுவிடும். சத்தத்துக்குப் பிறகு வரும் அந்த அமைதியில் உரக்கச் சொன்ன எதையும் மெதுவாகச் சொல்லத் தோன்றாது. அவள் மாவை இரண்டாகப் பங்கிட்டு, தன் பங்கை எடுத்துக்கொண்டு மேலே போவாள்.

என் கொழுந்தன் நூற்பாலையில் எலக்ட்ரீசியன். போன வருடம் அந்த முதலாளி பல்லடம் பக்கம் புதிதாக ஒரு ஆலை தொடங்கி இவரை அங்கே வரச் சொன்னார். பள்ளிக்கூடம் முழுப்பரீட்சை முடிந்து மூடியதும் கிளம்பினார்கள். வாடகை வண்டியில் பீரோவும் கட்டிலும் மெஷினும் ஏறின. கிரைண்டரை நான் துடைத்து எடுத்து வைத்திருந்தேன். அவள் வேண்டாம் என்றாள்.

“இங்கயே இருக்கட்டும்க்கா. ரெண்டு வருசந்தான, வந்துருவோம். மேல யாரையும் குடி வச்சிராதீங்க.”

அந்தக் கடைசி வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மகளும் திருச்சியில் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை மீட்டர் படிக்கப் போனால் மாடி மீட்டரில் போன வாரம் இருந்த எண்ணே இருக்கும். அப்படியும் அதை எழுதினேன். வெள்ளிக்கிழமைதோறும் மேலே போய்ப் பெருக்கிவிட்டு வருவேன். ஒரு குழல்விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அணைப்பேன்.

இந்த வருடம் தை பிறந்ததும் கொழுந்தன் தன் அண்ணனுக்குப் போன் செய்தார். அங்கே கொடுக்கிற வாடகை இடிக்கிறது, மாடியை வாடகைக்கு விட்டுவிடலாம் என்றார். என்னிடம் என் கணவர் சொன்னபோது, “அவ என்ன சொல்றா?” என்று கேட்டேன். “அவ எதுவும் பேசல” என்றார். அவள் எனக்குப் போன் செய்வாள் என்று அந்த வாரம் முழுக்கக் காத்திருந்தேன். மாடியில் வேறு குடும்பம் வந்துவிட்டால் அவர்கள் திரும்பி வருவது பேச்சோடு நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். அவள் வாயால் கேட்காமல் அதை நம்பவும் மனம் வரவில்லை. அவள் பேசவில்லை. அதற்குள் வீடு பார்க்க ஆள் வந்துவிட்டது.

வந்தவள் சாணார்பட்டிப் பக்கத்துப் பெண். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கணவனுக்கு மருந்து விற்பனை வேலை. இடுப்பில் ஒரு குழந்தை. மாடியைச் சுற்றிப் பார்த்தாள், பிடித்திருந்தது. படி இறங்கும்போது மீட்டருக்கு முன்னால் நின்றாள்.

“கரண்டு பில்லு எம்புட்டு வரும்க்கா? இப்ப இருக்குற வீட்ல ஓனரு தனியா ஒரு மீட்டரை மாட்டிவச்சுக்கிட்டு வாய்க்கு வந்ததைக் கேக்குறாரு. அதுக்குப் பயந்துதான் வீடே மாத்துறோம்.”

“மாடிக்குத் தனி இணைப்பும்மா. நீங்களே நேராக் கட்டிக்கிரலாம்.”

“அப்ப பழைய பில்லு இருந்தாக் காட்டுங்க. ஒரு மதிப்பு தெரியும்ல?”

ஓரகத்தி குடும்பம் மாடியில் இருந்த வருடத்து டைரியைக் காட்டினேன். ஒரு கணக்கில் நூற்றெண்பது யூனிட். அடுத்ததில் நானூற்றுத் தொண்ணூறு. அதற்கடுத்து மறுபடி இருநூற்றுச் சொச்சம்.

“இதென்னக்கா, ஒருக்கா ஆளே இல்லாத வீடு மாதிரி இருக்கு, ஒருக்கா கல்யாண வீடு மாதிரி இருக்கு?”

அந்த நானூற்றுத் தொண்ணூறில் எங்கள் துணியும் எங்கள் இஸ்திரியும் இருந்தன. அந்த நூற்றெண்பது, அவர்கள் எல்லோரும் கீழே படுத்த கோடை. இரண்டு நாளில் சரியான மதிப்புப் போட்டுச் சொல்கிறேன் என்று அவளை அனுப்பி வைத்தேன்.

அன்று மாலை டைரிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு மீட்டரின் கூட்டுத்தொகையை எந்த மாதத்துக்குக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஆனால் என் ஓரகத்தி இங்கே இருந்தவரை அவர்கள் வீட்டுக்கு எவ்வளவு, எங்கள் வீட்டுக்கு எவ்வளவு என்று ஒரு மாதத்துக்குக்கூடப் பிரிக்க முடியவில்லை. ஒரு எண் தவறாமல் எழுதியிருந்தேன். அதில் இரண்டு குடும்பம் இருந்ததற்கான அடையாளமே இல்லை. வேறு எந்தக் கணக்காவது இப்படிப் பிரியாமல் நின்றிருந்தால் எனக்கு உறக்கம் வந்திருக்காது. இதைப் பார்க்கப் பார்க்க அவளை உடனே கூப்பிட்டுப் பேச வேண்டும்போல் இருந்தது.

“இதுக்கு என்னத்துக்கு இம்புட்டு யோசனை? தோராயமா ஒண்ணைச் சொல்லு. கூட்டிச் சொல்லி அந்தப் பிள்ளையை விரட்டிராத” என்றார் இவர்.

“நான் எதுக்கு விரட்டப் போறேன்?”

“ஒம் மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது.”

தெரியத்தான் செய்திருக்கும். மாடி வெயிலுக்கு மின்விசிறி நிற்காது, ஐநூறைத் தாண்டிவிடும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கரண்டுக்குப் பயந்து வீடு மாறுகிறவள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டாள். மாடி அப்படியே கிடக்கும், என் ஓரகத்தி வரும்வரை. இதை நினைத்துப் பார்த்தேன் என்பது உண்மை. ஆனால் தப்பென்று தெரிந்த ஒரு எண்ணை இன்னொருத்தியிடம் சொல்ல எனக்கு நாக்கு எழாது. எனவே பழைய கணக்கை மூடிவிட்டு, ஒவ்வொரு சாமானுக்கும் எவ்வளவு ஆகிறது என்று புதிதாக அளந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. கரண்டு ஓட ஓட அது மின்னும். எங்கள் மீட்டரில் மூவாயிரத்து இருநூறு தடவை மின்னினால் ஒரு யூனிட். அந்த எண் மீட்டரின் முகத்திலேயே அச்சாகியிருக்கிறது. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் போட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை மின்னல் என்று எண்ணினால் அந்தச் சாமானின் பசி தெரிந்துவிடும். இதற்கு இரண்டு பேர் வேண்டும், சுவிட்சுக்கு ஒருவர், மீட்டருக்கு ஒருவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் இவரை உள்ளே நிறுத்திவிட்டு நான் படிக்கு அடியில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன்.

“ஃபேனைப் போடுங்க!”

“போட்டாச்சு!”

நாற்பதைத் தாண்டி எங்கேயோ போனது.

“என்னத்தைப் போட்டீங்க?”

“ஃபேனுதான். சட்டையையும் செத்தத் தேச்சுக்கிருவோம்னு…”

என் ஓரகத்தியாக இருந்தால் நான் சொல்வதற்கு முன்பே அடுத்த சுவிட்சில் கை வைத்திருப்பாள். இஸ்திரியைப் பிடுங்க வைத்து மறுபடி எண்ணினோம். மின்விசிறிக்கு நிமிடத்துக்கு நான்கு. தொலைக்காட்சிக்கு மூன்று. இஸ்திரிக்கு நாற்பது. தண்ணீர் மோட்டாருக்கு ஐம்பதுக்குப் பக்கம். ஃபிரிட்ஜ் ஓடும்போது ஆறு, ஓய்வெடுக்கும்போது ஒன்றுமில்லை. அதற்கு மட்டும் நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்து பார்க்க வேண்டியிருந்தது.

கடைசியாகக் கிரைண்டர். எங்கள் கணக்கில் மோட்டாருக்கு அடுத்த பெருந்தீனி அதுதான் என்று முடிவு கட்டி வைத்திருந்தோம். அந்தக் கனமும் அந்தச் சத்தமும் அப்படி. பாவம் மாடி மீட்டர் தாங்காது என்றுதானே அதைக் கீழே வைத்தோம். நிமிடத்துக்கு எட்டு மின்னியது. நான் தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்து இன்னும் இரண்டு நிமிடம் எண்ணினேன். அதே எட்டு.

“கல்லு வெறுங்கல்லாச் சுத்துதுல்ல? மாவு போட்டாத்தான தெரியும்” என்றார் இவர்.

நியாயமாகப் பட்டது. அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு, மத்தியானம் உண்மையாகவே ஆட்டினோம். இவர் மாவைத் தள்ளிவிடத் தெரியாமல் முழங்கை வரை பூசிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்க, நான் வெளியே எண்ணினேன். ஒன்பது. எப்போதாவது பத்து. ஒரு தடவை ஆட்டி முடிக்க ஒரு யூனிட்டில் ஏழில் ஒரு பங்குதான் ஆகியிருந்தது. வாரத்துக்கு மூன்று தடவை என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு நான்கு யூனிட்கூட இல்லை. ஒரு மின்விசிறியை இரண்டு நாள் அணைக்காமல் விட்டால் ஆகிற கரண்டு. இதற்காகவா அத்தனை வருடம் அவள் இரண்டு குண்டாக்களைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள்? இரண்டு பேருக்கு அந்த மாவு ஏகத்துக்கும் அதிகம். பாதியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்து அவளுக்குப் போன் போட்டேன்.

“ஏ, ஒரு சேதி தெரியுமாடி? நம்ம கிரைண்டருக்கு ரெண்டு மாசத்துக்கு நாலு யூனிட்கூட ஆகல. இன்னிக்கு எண்ணிப் பாத்துட்டேன்.”

அவள் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

“இதைக் கண்டுபிடிக்கவாக்கா உங்களுக்கு இம்புட்டு வருசம்?”

“ஒனக்குத் தெரியுமா?”

“வந்த புதுசுலயே இவரு சொல்லிட்டாருல்ல. அது என்னத்தைப் பெருசா இழுக்கப் போகுது, மேலயே வச்சு ஆட்டுன்னாரு.”

“அப்புறம் எதுக்கு அம்புட்டையும் தூக்கிக்கிட்டுக் கீழ வந்த?”

“மேல ஒத்தையில உக்காந்து கல்லு சுத்துறதைப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?”

அந்தப் பக்கம் யாரோ கதவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஒரு வாரமாக அவளிடம் கேட்கக் காத்திருந்ததைக் கேட்டேன்.

“மேல வீட்டைப் பாத்துட்டு ஒரு டீச்சர் போயிருக்கு. நீ என்ன சொல்ற?”

“இவரு சொன்னாரு.”

“அவரு சொன்னது இருக்கட்டும். நீ சொல்லு.”

“விட்டுருங்கக்கா” என்றாள். சொல்லிவிட்டு வேகமாகப் பேசினாள். “பசங்க இங்க பள்ளிக்கூடத்துல நல்லா ஒட்டிக்கிட்டாங்க. இவருக்கும் சம்பளம் கூட்டித் தாரேன்னு சொல்லியிருக்காங்க. சின்னவன் பேச்சே மாறிப்போச்சு. ஏனுங்கம்மா, சாப்பாடு ஆச்சுங்களாங்கறான். இருங்க, குடுக்குறேன்.”

சின்னவன் வந்தான். “பெரீம்மா, நல்லா இருக்கீங்களா?” என்றான். எங்கள் வீட்டில் என்னை வா போ என்று பேசிக்கொண்டு, என் மடியில் கையைத் துடைத்துவிட்டு ஓடியவன். நல்லா இருக்கேன்டா என்றேன்.

டீச்சர் இரண்டாவது நாள் வந்தாள். ஃபிரிட்ஜுக்கு அறுபது, மின்விசிறி இரண்டுக்குத் தொண்ணூறு, மற்றதெல்லாம் சேர்த்து ஐம்பது என்று விளக்கி, “இருநூறு யூனிட்டை ஒட்டி வரும்மா. கோடையில அம்பது கூடும். ஐநூறைப் பத்தி நீங்க நெனைக்கவே வேண்டாம்” என்றேன். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். மாசி மாதத்தில் ஒரு நல்ல நாளில் பால் காய்ச்சிக் குடிவந்தார்கள்.

நல்ல பெண். நேரத்துக்குப் போவாள், நேரத்துக்கு வருவாள். துணியை அவள் மெஷினிலேயே துவைத்து அவள் கொடியிலேயே காயப்போடுவாள். மாவு கடையில் பாக்கெட்டாக வாங்கி வருவதைப் பார்த்து ஒருநாள், “எதுக்கும்மா காசு குடுத்துப் புளிச்ச மாவு வாங்குற? அரிசியைக் கொண்டா, கீழ ஆட்டிக்கலாம்” என்றேன்.

“ஐயோ வேண்டாம்க்கா, உங்க கரண்டு எதுக்கு?” என்றாள்.

நாலு யூனிட்டின் கதையை அவளிடம் எப்படிச் சொல்வது? சரிம்மா என்றேன். முதல் பில் வந்தபோது படியிலேயே நின்று போனைக் காட்டினாள். இருநூற்றிரண்டு. “கரெக்டாச் சொல்லிட்டீங்கக்கா!” என்றாள். எங்களுக்கு நூற்றெழுபத்தெட்டு வந்திருந்தது. இரண்டு மீட்டரும் ஓடி, இரண்டு வீட்டுக் கணக்கும் கலக்காமல் தனித்தனியாக நின்றதை நான் முதல்முறையாகப் பார்த்தது அப்போதுதான். டைரியில் எழுதிவிட்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

போன வாரம் என் ஓரகத்தி போன் செய்தாள். இந்தத் தடவை சிரிப்பில்லாமல் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“அக்கா, அந்தக் கிரைண்டரைப் பார்சல் போட்டு விடுறீங்களா? பசங்களுக்குக் கடை மாவு ஒத்துக்கல.”

“அதுக்கென்ன, நாளைக்கே போடச் சொல்றேன்.”

“இன்னொண்ணுக்கா. இங்க கரண்டுக்குச் சேத்துத்தான் வாடகை. கிரைண்டர்னதும் வீட்டு ஓனரு மூஞ்சியைச் சுளிக்கிறாரு. நீங்க எண்ணுனீங்கள்ல, அந்தக் கணக்கை ஒரு தாள்ல எழுதிப் படம் புடிச்சு அனுப்புங்க. காட்டி வாயை அடைக்கிறேன்.”

“ஒம் புருசனே எலக்ட்ரீசியன். அவரு சொன்னாக் கேக்க மாட்டாரா?”

“குடியிருக்கிறவன் சொன்னாக் கேப்பாங்களா? உங்க எழுத்துல இருந்தா ஆபீஸுக் காயிதம் மாதிரி இருக்கும்.”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒரு தாளை எடுத்து, நிமிடத்துக்கு ஒன்பது என்று தொடங்கி வரிசையாக எழுதினேன். எழுத எழுத அவளுக்கு வாசித்தேன். வாரம் மூன்று தடவை என்று வந்தபோது அவள் நிறுத்தினாள்.

“மூணு வேண்டாம்க்கா, ரெண்டுன்னு போடுங்க. இங்க நாங்க நாலு பேருதான?”

மூன்றை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினேன். பெருக்கினால் இரண்டரை யூனிட்தான் வந்தது. அதையும் வாசித்தேன்.